வெக்ட்ரெக்ஸ் தொடக்கத் திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெக்ட்ரெக்ஸ் என்ற பழைய வீடியோ கேம் கன்சோலை ஆன் செய்ததும் சில நொடிகள் வந்துபோகும் லோகோ திரையைப் பற்றிப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எமுலேட்டரில் (பழைய மெஷினைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்) ஆடுபவர்கள், பழைய மெஷினை வாங்கி வைத்திருப்பவர்கள், அதற்குப் புதிதாக கேம் எழுதிப் பார்ப்பவர்கள் என எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. புரோகிராமிங் தெரியாதவர்கள் எண்கள் வரும் இடங்களைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறையாது.

வெக்ட்ரெக்ஸ் என்றால் என்ன? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1982 நவம்பரில் விற்பனைக்கு வந்து, 1984 தொடக்கத்திலேயே நின்றுபோன கன்சோல் அது. இதை டிவியில் இணைக்க வேண்டியதில்லை. 9 அங்குல கறுப்பு வெள்ளை பிக்சர் ட்யூப் மெஷினுக்குள்ளேயே, நெட்டுக்குத்தாக இருக்கும். வடிவமைத்தது ஜே ஸ்மித்தின் ஸ்மித் எஞ்சினியரிங். மில்டன் பிராட்லிக்காக 1979-இல் மைக்ரோவிஷன் என்ற கையடக்க கன்சோலை உருவாக்கியதும் இவர்கள்தான். வெக்ட்ரெக்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜெனரல் கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ், சுருக்கமாக ஜிசிஇ. விலை 199 டாலர். 1983-இல் ஜிசிஇ-யையே மில்டன் பிராட்லி வாங்கிவிட்டது. கொஞ்ச நாளில் வீடியோ கேம் சந்தை சரிந்தது, இந்த மெஷினும் அதோடு போனது.

இதன் தனித்தன்மை திரையில்தான். அன்றைய சாதாரண டிவி, படத்தை வரி வரியாக மேலிருந்து கீழே தீட்டும். வெக்ட்ரெக்ஸில் எலக்ட்ரான் கதிர் நேராகக் கோட்டின் தொடக்கத்துக்குப் போய், அந்தக் கோட்டை மட்டும் இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். வீட்டுக்கு வந்த கன்சோல்களில் இந்த 'வெக்டர்' முறையில் இயங்கியது இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஆன் செய்ததும் திரையில் என்ன வருகிறது?

முதலில் பெரிய எழுத்தில் 'வெக்ட்ரெக்ஸ்'. அதன் கீழே 'ஜிசிஇ'. அதற்கும் கீழே இரண்டு வரிகளில் 'என்டர்டெயினிங் நியூ ஐடியாஸ்' என்ற கம்பெனி வாசகம். எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துகள். கூடவே ஒரு குட்டி டியூன். சில நொடிகள் கழித்து இது மறைந்து, கேமின் பெயரும் அடியில் காப்புரிமை வரியும் இருக்கும் இரண்டாவது திரை வரும். அப்புறம் கேம்.

பலர் இந்த இரண்டையும் சேர்த்து 'லோகோ' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முதல் திரை முழுக்க மெஷினுக்குள் இருக்கும் ரோமில் (அழியாத நினைவகச் சிப்பில்) இருந்து வருகிறது. இரண்டாவதற்கான தகவலைத் தருவது கார்ட்ரிட்ஜ், அதாவது மெஷினில் செருகும் கேம் பெட்டி. இந்த வித்தியாசம் தெரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

வெக்டர் கன்சோல்தானே, அப்படியானால் லோகோவும் கோடுகளால் வரையப்பட்டதா?

இல்லை. இந்தத் திரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கோடு வரைவதற்கென்றே பிறந்த மெஷின், தன் பெயரை மட்டும் புள்ளி வரிசைகளால் எழுதுகிறது.

ரோமில் ஓர் எழுத்துரு அட்டவணை இருக்கிறது. மொத்தம் 80 குறிகள், ஒவ்வொன்றுக்கும் 7 வரிசை, வரிசைக்கு ஒரு பைட். ஆக 560 பைட். பைட்டில் உள்ள 8 பிட்டும் 8 புள்ளிகள். பிட் 1 என்றால் கதிர் எரியும், 0 என்றால் அணையும். 'வெக்ட்ரெக்ஸ்' என்பது ஆங்கிலத்தில் 7 எழுத்து. கதிர் இடப்பக்கத்தில் தொடங்கி, ஏழு எழுத்துகளின் முதல் வரிசையையும் ஒரே ஓட்டத்தில் வலப்பக்கம் வரை தீட்டும். பிறகு அணைந்தபடி இடப்பக்கம் திரும்பி வந்து, ஒரு படி கீழிறங்கி, இரண்டாம் வரிசையைத் தீட்டும். இப்படி ஏழு முறை. அட்டவணையும் இதற்கு ஏற்றபடிதான் அடுக்கப்பட்டிருக்கிறது: முதலில் 80 குறிகளின் மேல் வரிசைகள், பிறகு 80 குறிகளின் இரண்டாம் வரிசைகள் என்று போகும். ஒரே எழுத்தின் ஏழு பைட்டுகளும் சேர்ந்தாற்போல் எங்கேயும் இருக்காது.

கதிரை இவ்வளவு வேகமாக எரித்து அணைப்பது 6522 என்ற சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒரு பைட்டை அதில் போட்டால் எட்டு பிட்டையும் அதுவே வரிசையாக வெளியே தள்ளிவிடும். 1.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6809 பிராசஸர் ஒவ்வொரு புள்ளிக்கும் மெனக்கெட வேண்டியதில்லை. எழுத்துகளைக் கோடுகளாக வரைந்திருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் பல கோட்டுக் கட்டளைகள் தேவைப்பட்டிருக்கும், நேரமும் அதிகம் பிடித்திருக்கும். நொடிக்கு 50 முறை மொத்தத் திரையையும் மறுபடி வரைய வேண்டிய மெஷின் இது. ஒரு முறைக்குக் கிடைப்பது பிராசஸரின் 30,000 சைக்கிள், அதாவது துடிப்பு. அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் திரை மினுங்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு சின்ன வேலையும் செய்திருக்கிறார்கள். பெரிய 'வெக்ட்ரெக்ஸ்' என்ற சொல் ரோமில் இரண்டு முறை இருக்கிறது. கொஞ்சம் உயரம் மாற்றி, ஒரு படி தள்ளி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் வரையப்படுகின்றன. பேனாவால் எழுதிய எழுத்தின்மேலேயே மறுபடி எழுதித் தடிமனாக்குவது போலத்தான். தனியாகத் தடித்த எழுத்துரு வைக்க 8 கிலோபைட் ரோமில் இடம் ஏது? அதில் பாதியை உள்ளேயே வரும் மைன் ஸ்டார்ம் கேம் எடுத்துக்கொண்டுவிட்டது.

என் மெஷினில் லோகோ எழுத்துகள் சாய்ந்தாற்போல், வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகித் தெரிகின்றன. பழுதா?

கொஞ்சம் சாய்வு இருந்தால் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்னபடி ஒவ்வொரு வரிசைக்கும் கதிர் தொடக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்புதல் அனலாக் சர்க்யூட்டின் கையில் இருக்கிறது. துல்லியமாக அதே இடத்துக்கு வராமல் மயிரிழை தள்ளி வந்தால், அந்தத் தள்ளல் ஏழு வரிசையிலும் சேர்ந்துகொண்டே போய் எழுத்து சாயும். நீளமான வரியில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கேமில் வரும் கப்பலும் விண்கல்லும் நேராகத் தெரிந்து, எழுத்து மட்டும் சாய்வது இதனால்தான்.

எழுத்து நடுங்குகிறது, சூடு ஏற ஏற நகர்கிறது, நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் உள்ளே கெபாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று சந்தேகப்படலாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். பிக்சர் ட்யூபில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் தங்கியிருக்கும். யூடியூப் பார்த்து ஸ்க்ரூடிரைவரோடு இறங்குகிற இடம் இதுவல்ல.

திரை நடுவில் பளிச்சென்று ஒரே ஒரு புள்ளி மட்டும் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். கதிர் நகராமல் ஒரே இடத்தில் அடித்தால் அங்கே பாஸ்பர் (திரையின் உள்பக்கம் ஒளிரும் பூச்சு) கருகிவிடும்.

லோகோ ஓடும்போது பின்னணியில் ஏதாவது சோதனை நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் லோகோ முடிந்ததும். கார்ட்ரிட்ஜின் முதல் பைட்டுகளை ரோம் படித்துப் பார்க்கும். அங்கே சிறிய எழுத்து 'ஜி', ஓர் இடைவெளி, பெரிய எழுத்துகளில் 'ஜிசிஇ' என்று இருக்க வேண்டும். இருந்தால் கார்ட்ரிட்ஜ் உண்டு என்று எடுத்துக்கொண்டு அதன் பெயர்த் திரைக்குப் போகும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மைன் ஸ்டார்மைத் தொடங்கிவிடும்.

அந்தச் சிறிய 'ஜி' எதற்கு? வெக்ட்ரெக்ஸ் எழுத்துருவில் சிறிய எழுத்துகளே கிடையாது. அந்த இடங்களில் வேறு குறிகளை வைத்திருக்கிறார்கள். சிறிய 'ஜி'-யின் இடத்தில் இருப்பது வட்டத்துக்குள் 'சி' போட்ட காப்புரிமைக் குறி. ஆக சோதனைக்கான பைட்டுகளே அப்படியே திரையின் அடியில் காப்புரிமை வரியாகவும் அச்சாகின்றன. ஒரே சரத்தில் (எழுத்து வரிசையில்) இரண்டு வேலை. 1 கிலோபைட் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) காலம் தள்ளியவர்களின் சிக்கனம் இது.

அப்படியானால் இது கேம் பாய் மாதிரி ஒரு பூட்டா?

வெளியில் பார்க்க அப்படித் தோன்றும். நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான கேம் பாயில், நின்டெண்டோ லோகோவின் 48 பைட் படம் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் இருக்க வேண்டும். மெஷினில் உள்ள நகலோடு ஒரு பிட் மாறினாலும் அப்படியே நின்றுவிடும். திரையில் இறங்கிவரும் லோகோவே கார்ட்ரிட்ஜில் இருந்து படித்ததுதான். அதனால்தான் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஆன் செய்தால் லோகோவுக்குப் பதில் கறுப்புக் கட்டை வருகிறது. அனுமதி இல்லாமல் கேம் வெளியிடுபவர் நின்டெண்டோவின் வணிகச் சின்னத்தையும் சேர்த்து நகலெடுத்தாக வேண்டும், அப்போது வழக்குப் போடலாம் என்பது கணக்கு.

சேகாவும் ஜெனிசிஸ் கன்சோலின் பிந்தைய மாடல்களில் இதே வழியில் போனது. கார்ட்ரிட்ஜில் 'சேகா' என்ற நான்கு எழுத்து இருந்தால், சேகாவின் உரிமத்தில் தயாரானது என்ற அறிவிப்பைக் கன்சோலே காட்டும். அக்கோலேட் என்ற கம்பெனி உரிமம் வாங்காமலே அந்த நான்கு எழுத்தைப் போட்டு கேம் விற்றது. வழக்கு மேல்முறையீடு வரை போய், 1992-இல் அமெரிக்க நீதிமன்றம் அக்கோலேட் பக்கம் தீர்ப்பளித்தது. திரையில் வந்த தவறான அறிவிப்புக்குப் பொறுப்பு அந்த ஏற்பாட்டைச் செய்த சேகாவே என்றும் சொல்லிவிட்டது.

வெக்ட்ரெக்ஸ் இவை இரண்டுக்கும் முந்தியது. ஆனால் அதைப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருந்தாவிட்டால் கேம் பாய் உறைந்துபோகும். வெக்ட்ரெக்ஸோ 'சரி, கார்ட்ரிட்ஜ் இல்லை போல' என்று தன்னிடம் இருக்கும் கேமைக் கொடுத்துவிடும். உள்ளேயே ஒரு கேம் இருக்கும் மெஷினுக்கு, வெளியே இருந்து கேம் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். இந்தச் சோதனை முதலில் அதற்குத்தான் என்பது என் கணிப்பு.

கார்ட்ரிட்ஜ் போட்டும் மைன் ஸ்டார்ம் வருகிறது. ஏன்?

மேலே சொன்ன சோதனை தோற்றுவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் காரணம் கார்ட்ரிட்ஜின் உலோக முனைகளில் அழுக்கு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மெஷினை அணைத்துவிட்டுத்தான் மறுபடி செருக வேண்டும். பெயர்த் திரை சரியாக வந்து, அதன் பிறகு கேம் குழம்பினால் கதை வேறு: முதல் சில பைட்டுகள் சரியாகப் படிக்கப்பட்டிருக்கின்றன, வேறு ஏதோ தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது.

ரீசெட் அழுத்தினால் 'வெக்ட்ரெக்ஸ்' திரை வராமல் நேராக கேம் பெயர் வருகிறதே?

அது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்தது. முதல் முறை ஆன் ஆனதும் ரோம், ராமின் கடைசி இரண்டு பைட்டில் 7321 என்ற பதினாறடிமான எண்ணை எழுதிவைக்கும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் அங்கே எட்டிப் பார்க்கும். 7321 இருந்தால் 'நான் ஏற்கெனவே விழித்திருக்கிறேன்' என்று பொருள். லோகோவைத் தாண்டிவிடும். இல்லையென்றால் இப்போதுதான் மின்சாரம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகத் துடைத்துவிட்டு லோகோவைக் காட்டும்.

இதில் ஆடுபவருக்கு ஒரு லாபம் உண்டு. ரீசெட்டில் ராம் துடைக்கப்படாததால் அதிகபட்ச ஸ்கோர் அப்படியே இருக்கும். அணைத்தால் போய்விடும், சேமிக்க பேட்டரி எல்லாம் கிடையாது. மின்சாரம் வந்தவுடன் ராமில் இருக்கும் குப்பை தற்செயலாக 7321 ஆக இருந்துவிட்டால்? இரண்டு பைட்டில் 65,536 மதிப்புகள் சாத்தியம். தைரியமாக இருக்கலாம்.

டியூனை வாசிப்பது எது?

ஏஒய்-3-8912 என்ற மூன்று சேனல் ஒலி சிப். டியூன்கள் ரோமிலேயே இருக்கின்றன. பெயர்த் திரையில் எந்த டியூன் வர வேண்டும் என்பதைக் கார்ட்ரிட்ஜ் ஒரு முகவரியாகத் தரும். ரோமில் உள்ள ஒன்றையும் காட்டலாம், சொந்தமாக எழுதியதையும் காட்டலாம்.

டியூன் முடிந்த பிறகும் ஒரு ரீங்காரம் கேட்கிறது.

முதலில் தயாரான வெக்ட்ரெக்ஸ்களில் இது கேட்கும், பின்னால் வந்தவற்றில் சரிசெய்துவிட்டார்கள். படம் வரையும் மின்சுற்றின் இரைச்சல் ஸ்பீக்கருக்குள் கசிகிறது.  திரையில் வரைவது மாற மாற ரீங்காரத்தின் சுருதியும் மாறும், கவனித்துப் பாருங்கள்.

நான் எழுதும் கேமின் பெயரை இரண்டாவது திரையில் எப்படி வரவைப்பது?

கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தில் இந்த வரிசையில் வைக்க வேண்டும். முதலில் காப்புரிமைச் சரம், அதாவது சிறிய 'ஜி', இடைவெளி, 'ஜிசிஇ', இடைவெளி, நான்கு இலக்க ஆண்டு. சரத்தை முடிக்க 128 என்ற பைட். அடுத்து இரண்டு பைட்டில் டியூனின் முகவரி. பிறகு பெயருக்கு நான்கு எண்கள்: உயரம், அகலம், மேல்கீழ் இடம், இடவல இடம். வழக்கமாக எல்லோரும் தொடங்குவது −8, 80, 32, −86 என்ற எண்களில். திரையின் நடுப்புள்ளி பூஜ்ஜியம், அங்கிருந்து −128 முதல் 127 வரை போகலாம். உயரம் மைனஸில் இருப்பது வரிசைகள் கீழ்நோக்கி இறங்குவதால். இந்த நான்குக்குப் பிறகு பெயர், மறுபடி ஒரு 128. இன்னொரு வரி வேண்டுமானால் மறுபடி நான்கு எண், எழுத்து, 128. எல்லாம் முடிந்ததும் ஒரு 0. அதற்கு அடுத்த பைட்டில் உங்கள் புரோகிராம் தொடங்கும்.

தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அந்த 128-உம் 0-வும்தான். 128-ஐ விட்டால் பெயருக்குப் பின்னால் விநோதக் குறிகள் நீளும். கடைசி 0-வை விட்டால் உங்கள் புரோகிராமின் முதல் பைட்டுகளையே அடுத்த தலைப்பு என்று நினைத்து மெஷின் அச்சிடப் பார்க்கும். பெயரைப் பெரிய எழுத்தில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், காரணம் மேலேயே இருக்கிறது.

ஆண்டு 1982 என்றே இருக்க வேண்டுமா?

வேண்டாம். 1983-இல் வந்த கேம்களிலேயே 1983 என்று இருக்கிறது. இன்று எழுதுபவர்கள் இன்றைய ஆண்டைப் போடுகிறார்கள். ஆனால் 'ஜிசிஇ'-யை மாற்ற முடியாது. அந்தக் கம்பெனி மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், நேற்று எழுதிய கேமின் அடியில் அதன் பெயரில் காப்புரிமை வரி வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

எமுலேட்டருக்கு வெக்ட்ரெக்ஸ் ரோம் வேண்டும் என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

மற்ற கன்சோல்களைவிட இங்கே நிலைமை சுலபம். விற்பனை நின்ற பிறகு உரிமை ஸ்மித் எஞ்சினியரிங்குக்கே திரும்பியது. வணிக நோக்கம் இல்லாமல் ரோமையும் பழைய கேம்களையும் நகலெடுத்துக்கொள்ள ஜே ஸ்மித் அனுமதி கொடுத்துவிட்டார். காசுக்கு விற்காதவரை தலைவலி இல்லை.

எமுலேட்டரில் லோகோ மிகவும் சுத்தமாக இருக்கிறதே, அசலும் அப்படித்தானா?

இல்லை. அசலில் புள்ளிகள் பாஸ்பரில் கசிந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், வரிசைகளுக்கு நடுவே மெல்லிய இருள் தெரியும், ஓரத்தில் கொஞ்சம் நடுக்கம் இருக்கும். பின்பக்கம் உள்ள பிரகாசத் திருகைக் கூட்டினால் தோற்றமே மாறிவிடும். ஒளிக்கசிவு வசதி உள்ள எமுலேட்டரில் அதைப் போட்டுக்கொண்டால் ஓரளவு பக்கத்தில் வரும்.

சில புகைப்படங்களில் லோகோ நிறத்தில் தெரிகிறது.

கேமோடு வரும் நிறப் பிளாஸ்டிக் தகட்டைத் திரையின் முன் செருகியிருப்பார்கள். மெஷினுக்கு நிறம் தெரியாது.

லோகோவில் என் பெயரை வரவைக்க முடியுமா?

அசல் மெஷினில் உள்ளே இருக்கும் ரோம் சிப்பையே மாற்ற வேண்டும். எமுலேட்டரில் என்றால் ஐந்து நிமிட வேலை. எழுத்துகள் ரோம் கோப்பில் மறைகுறியீடு எதுவும் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேராகத் திருத்தும் மென்பொருளில்) திறந்து 'வெக்ட்ரெக்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் தேடினால் அகப்படும். புதிய பெயர் ஏழு எழுத்துக்கு மிகக் கூடாது. குறைந்தால் இடைவெளி போட்டு நிரப்புங்கள். மேம் என்ற எமுலேட்டர், செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று எச்சரிக்கும், கண்டுகொள்ள வேண்டாம். முக்கியமாக, இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் உங்கள் பெயரும் 'வெக்ட்ரெக்ஸ்'-உம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டையுமே படிக்க முடியாது.